ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியருக்கு நினைவு மலர்: முதல் நாளிலிருந்து அச்சு வரை முழுமையான வழிகாட்டி

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமானபின், "அவரைப் பற்றி ஒரு புத்தகம் போடணும்" என்று முடிவெடுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கும்பகோணம் பக்கம் எங்களுக்கு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திய சாருக்காகத்தான் முதல் மலரைத் தயாரித்தேன். அப்புறம் மூன்று குடும்பங்களுக்கு உதவியாக இருந்தேன். நான்கு இடத்திலும் சறுக்கியது ஒரே விஷயத்தில்தான்: வேலைகளின் வரிசை. கடைசியில் செய்ய வேண்டிய கட்டுரை கேட்கும் வேலையை முதல் வாரமே தொடங்கிவிடுவார்கள். முதல் வாரம் செய்திருக்க வேண்டியது ஆறு மாதம் கழித்து நினைவுக்கு வரும். அதற்குள் அலமாரி காலியாகியிருக்கும், அல்லது பேச வேண்டிய பெரியவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

வரலாற்று ஆசிரியர் என்றால் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் நாற்பது வருஷம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டவரின் வாழ்க்கையை ஆதாரம் இல்லாமல் எழுத முடியாது.

1. காலக்கெடுவை முதலில் தள்ளிப் போடுங்கள்

பதினாறாம் நாள் காரியத்துக்குள் மலரைக் கொண்டுவர முயலாதீர்கள். அந்த அவசரத்தில் வந்த மலர்களைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பக்கம் இரங்கல் செய்தி, மீதிப் பாதி கண்ணீர்க் கவிதை. அவர் எந்த ஊரில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்பதுகூட இருக்காது.

காரியத்துக்கு ஒரே ஒரு தாள் போதும். படம், பிறந்த நாள், மறைந்த நாள், பணிபுரிந்த ஊர்கள், கீழே ஒரு கைபேசி எண், "சாரைப் பற்றிய நினைவுகளோ படங்களோ கடிதங்களோ உங்களிடம் இருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. அன்றைக்கு வருகிற கூட்டம் மறுபடி ஒரே இடத்தில் கூடாது. நீங்கள் தேடிப் போக வேண்டிய ஆட்களில் பாதிப் பேர் அந்தத் தாளால் தானாக வந்து சேருவார்கள்.

மலருக்கு முதலாண்டுத் திதியை இலக்காக வையுங்கள். எங்களுக்குப் பத்து மாதம் பிடித்தது.

2. கையில் இருக்க வேண்டியவை

பைண்டு செய்த தடித்த நோட்டு ஒன்று. யார், எப்போது, என்ன சொன்னார், எந்தப் பொருளை யாரிடமிருந்து வாங்கினோம், எப்போது திருப்பிக் கொடுத்தோம் எல்லாம் அதில்தான். உதிரித் தாள் வேண்டாம், தொலையும். 2பி பென்சில்கள், காகித உறைகள், ஒலிப்பதிவு வசதியுள்ள கைபேசி, ஒரு பென்டிரைவ், ஒரு வெளி ஹார்டு டிஸ்க்.

இவற்றையெல்லாம்விட முக்கியம், வீட்டில் "இதைப் போடலாம், இதைப் போட வேண்டாம்" என்று கடைசி வார்த்தை சொல்லும் ஒரே ஒருவர். மூத்த மகளோ இளைய மகனோ, யாராக இருந்தாலும் சரி. இதை முதலிலேயே பேசிவிடுங்கள். நான் உதவிய ஒரு வீட்டில் இதைப் பேசாமல் விட்டோம். அச்சுக்குப் போகும் வாரத்தில் அண்ணன் சேர்த்த பக்கத்தைத் தம்பி எடுக்கச் சொல்ல, மலர் நான்கு மாதம் அச்சகத்திலேயே கிடந்தது.

3. அலமாரியைத் தொடாதீர்கள், படம் எடுங்கள்

காரியம் முடிந்த கையோடு வீட்டைச் சுத்தம் செய்வது வழக்கம். சுத்தம் என்றால் முதலில் போவது காகிதம். பழைய பேப்பர்காரர் வருவதற்கு முன்னால் நீங்கள் போயாக வேண்டும்.

போனதும் எதையும் எடுக்காமல், மேசையையும் அலமாரியையும் தட்டுத் தட்டாகப் படம் எடுங்கள். புத்தக முதுகுகள் படிக்கும்படி நேராக, பகல் வெளிச்சத்தில். அவர் எந்தப் புத்தகத்தை எதற்குப் பக்கத்தில் வைத்தார், கைக்கெட்டும் தட்டில் எது இருந்தது, பரணில் எது இருந்தது என்பதெல்லாம் தகவல்தான். ஒருமுறை கலைத்துவிட்டால் அந்த வரிசை திரும்ப வராது.

அடுத்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முதுகைப் பிடித்து உதறாமல், மெதுவாகப் புரட்டுங்கள். ஆசிரியர்கள் எதையும் புத்தகத்துக்குள்தான் வைப்பார்கள். எங்கள் சாரின் அலமாரியில் சோழர் வரலாற்று நூல் ஒன்றுக்குள் பழைய பேருந்து டிக்கெட் இருந்தது. அதன் பின்புறம் பென்சிலில், "வடசுவர், 3ஆம் வரி. மறுபடி பார்." அவ்வளவுதான். உதறியிருந்தால் குப்பையோடு போயிருக்கும்.

டிக்கெட்டை எடுத்த பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்துவிட்டு, சாரின் மனைவியிடம் காட்டினேன்.

"இது எங்க போன டிக்கெட்னு தெரியுமாம்மா?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பழையாறை போனதா இருக்கும் தம்பி. சின்னவளுக்குக் காய்ச்சல். டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னேன். வந்துடறேன்னுட்டுப் போனவரு, ராத்திரி எட்டு மணிக்கு வந்தாரு. கையெல்லாம் சுண்ணாம்பு. கல்வெட்டுல யாரோ வெள்ளையடிச்சுட்டாங்களாம், அதைத் துடைச்சுக்கிட்டு இருந்தாராம்."

"டாக்டர் கிட்ட?"

"நான்தான் ரிக்‌ஷா வெச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

மலரில் அவருடைய வரலாற்று ஆர்வத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதினார்கள். இந்தப் பத்து வரி சொன்னதை வேறு எதுவும் சொல்லவில்லை. ஆர்வத்துக்கு வீட்டில் யார் விலை கொடுத்தார்கள் என்பதும் இதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே போட்டோம், அம்மாவிடம் கேட்டுவிட்டு.

4. தேதிகளின் எலும்புக்கூட்டைக் கட்டுங்கள்

யாரிடமும் உட்கார்ந்து பேசுவதற்கு முன் ஒரு நாள்பட்டியல் வேண்டும். அது இருந்தால்தான் பேசுபவர் "மாயவரத்துல இருந்தப்ப" என்றதும் நீங்கள் எந்த வருஷத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

மூன்று ஆவணங்கள் போதும்: எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பணிப்பதிவேடு, ஓய்வூதியப் புத்தகம். பணிப்பதிவேட்டின் நகலைப் பலர் வீட்டில் வைத்திருப்பார்கள். இடமாறுதல், பதவி உயர்வு, துறைத்தேர்வு, விடுப்பு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வீட்டில் இந்தச் சமயத்தில் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பார்கள், மூல ஆவணம் அவர்களுக்கு வேண்டும். அதனால் எதையும் வெளியே கொண்டுபோகாமல் அங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் இவை:

பிறந்த தேதி. அந்தக் காலத்தில் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். தேதியைத் தலைமையாசிரியரே போட்டுவிடுவார். எங்கள் சாரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1.6.1949. ஜாதகத்தில் விரோதி வருஷம் தை மாதம். விரோதி 1949 சித்திரையில் தொடங்குவது, தை மாதம் வரும்போது ஆங்கிலக் கணக்கில் 1950 ஆகிவிடும். "விரோதி என்றால் 1949" என்று பட்டியலைப் பார்த்து எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. நாங்கள் இரண்டு தேதியையும் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்றும் குறிப்பிட்டோம்.

ஓய்வு பெற்ற நாள். அப்போது ஓய்வு வயது 58. மாதத்தின் முதல் தேதியில் பிறந்ததாகப் பதிவானவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிடுவார். ஆகவே சார் ஓய்வு பெற்றது 31.5.2007. கல்வியாண்டின் நடுவில் 58 முடிந்த ஆசிரியர்களுக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் இருந்தது. மாணவர்கள் சொல்லும் வருஷமும் ஆவணத்தில் உள்ள வருஷமும் பொருந்தாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

மாவட்டப் பெயர்கள். 1975இல் மாயூரத்தில் வேலை பார்த்தவர் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் வேலை பார்த்தார். அதே ஊர் 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது, 2020இல் மயிலாடுதுறை மாவட்டமே தனியாக வந்தது. அன்றைய பெயரை எழுதிவிட்டு, தேவைப்பட்டால் "இன்றைய மயிலாடுதுறை" என்று சேருங்கள்.

வகுப்பின் பெயர். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978இல். அதற்கு முன் 11ஆம் வகுப்போடு பள்ளி முடிந்தது, பி.யூ.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு கல்லூரியில். "1974இல் சாரிடம் பிளஸ் ஒன் படித்தேன்" என்று கட்டுரை வந்தால் வருஷம் தப்பு, அல்லது வகுப்பு தப்பு. எழுதியவரிடமே கேளுங்கள்.

5. வயதானவர்களிடம் முதலில் போங்கள்

பெரும்பாலானோர் பழைய மாணவர்களிடமிருந்து தொடங்குகிறார்கள், வாட்ஸ்அப் குழு தயாராக இருப்பதால். மாணவர்கள் காத்திருப்பார்கள். அவருடைய அக்கா, கூடப் படித்தவர், முதல் பள்ளியில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்த கணக்கு வாத்தியார், இவர்களுக்கெல்லாம் எண்பதைத் தாண்டியிருக்கும். பட்டியலை வயதுப்படி எழுதி, மேலிருந்து கீழே வாருங்கள்.

அலுவலக உதவியாளரையும் சத்துணவுக் கூடத்து அம்மாவையும் மறந்துவிடாதீர்கள். ஆசிரியர் அறையில் யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மனைவியிடமோ கணவரிடமோ முதல் மாதத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு போகாதீர்கள். சும்மா போய் வாருங்கள். அவரே ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் திறப்பார்.

"சார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்ற பதில்தான் வரும். எல்லாரும் அதையே சொல்வார்கள், எழுத ஒன்றும் இருக்காது. கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். பீரியட் மணி அடித்ததும் முதலில் என்ன செய்வார்? கரும்பலகையில் முதலில் என்ன எழுதுவார்? பாடம் முடிந்து ஐந்து நிமிடம் மீதி இருந்தால்? கோபம் வந்தால் குரல் ஏறுமா, இறங்குமா? எங்களுக்கு இப்படிக் கேட்டுக் கிடைத்தது: சார் கரும்பலகையில் முதலில் ஒரு படுக்கைக் கோடு போடுவார். இடது முனையில் பாடத்தில் வரும் ஆண்டு, வலது முனையில் அன்றைய தேதி. நடுவில் எங்கோ ஒரு புள்ளி, அது "உங்க தாத்தா பிறந்தது". எட்டு மாணவர்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், தனித்தனியாக இதைச் சொன்னார்கள்.

வருஷம் கேட்காதீர்கள். யாருக்கும் வருஷம் நினைவிருக்காது, ஆனால் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் அதை மாற்றுவது கஷ்டம். பதிலாக, எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சியைச் சொல்லி முன்னா பின்னா என்று கேளுங்கள். டெல்டாக்காரர்களுக்கு 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலும், 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலும் மறக்காது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியது, 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் கூட்டமாக வேலைநீக்கம் செய்யப்பட்டது, இவையும் நல்ல மைல்கற்கள். 2003 பற்றிக் கேட்டால் கொஞ்சம் கவனம். வேலைநிறுத்தத்தில் போனவரும் போகாதவரும் இன்னும் ஒரே தெருவில் இருப்பார்கள்.

ஒலிப்பதிவுக்கு முன் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது அதிலிருந்து தள்ளி உட்காருங்கள். குக்கர் விசில் அடங்கும்வரை பொறுங்கள். தொடங்கும்போதே தேதி, இடம், பேசுபவர் பெயரைச் சொல்லி, பதிவு செய்ய அவர் சம்மதிப்பதையும் பதிவில் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். பதிவை நிறுத்தியதும் கிளம்பிவிடாதீர்கள். காபி வரும். நல்ல விஷயங்கள் காபியோடுதான் வரும், அப்போது நோட்டைத் திறந்து வையுங்கள்.

6. படங்களைச் சேர்ப்பது

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், அப்படியே படம் எடுங்கள். உதிரிப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படத்தை மலரில் பெரிதாக்கும்போது அந்த அளவு தேவைப்படும். பின்புறத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

படத்தின் பின்னால் எழுதுவதானால் பென்சில் மட்டும். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரைக்கும் தடம் போட்டுவிடும்.

வகுப்புக் குழுப்படம் கிடைத்தால் அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போடுங்கள். "மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஐந்தாவது" என்று பேசினால் யாருக்கும் புரியாது, சண்டைதான் வரும். எண் போட்ட பிரதியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் பெயர்கள் நிரம்பிவிடும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு போய்விடும். "டாகுமென்டாக அனுப்புங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். சொன்னாலும் பாதிப் பேர் படமாகத்தான் அனுப்புவார்கள், மறுபடி கேளுங்கள். அச்சகத்தில் போய் முகம் மங்கலாக இருப்பதைப் பார்ப்பதைவிட இது தேவலை.

7. அவர் சேர்த்துவைத்த பழம்பொருட்கள்

வரலாற்று வாத்தியார் வீட்டில் இது கட்டாயம் இருக்கும். மாணவர்கள் வயலிலிருந்து எடுத்துவந்து கொடுத்த செப்புக்காசு, உடைந்த பானை ஓடு, கருப்பு மை தடவித் தாளில் எடுத்த கல்வெட்டுப் படிகள் (நகல்கள்), நோட்டு நோட்டாகக் கல்வெட்டு வாசகங்கள்.

காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நான் உதவிய வீடொன்றில் மருமகள் நல்லெண்ணத்தில் ஒரு டப்பா காசையும் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். எழுத்தும் உருவமும் சேர்ந்து போயிருந்தன. கல்வெட்டுப் படிகளை மடிக்காமல் உருட்டி வையுங்கள். எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஓலைச்சுவடி இருந்தால் எண்ணெய் தடவிப் பார்க்கும் வேலை வேண்டாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் கையாளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட பொருட்கள் தொல்பொருள்கள். கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு. அவற்றை உரிமம் இல்லாமல் விற்கும் தொழில் செய்யக் கூடாது, வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் கூடாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. பயப்பட வேண்டாம். என்னென்ன இருக்கிறது என்று படத்தோடு பட்டியல் எடுத்து, மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் காட்டி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அதற்கு முன் மலரில் "சார் வீட்டில் இருந்த சோழர் காசுகள்" என்று படம் போட்டுவிடாதீர்கள். திருடனுக்கும் அது விளம்பரம்தான்.

கல்வெட்டு நோட்டுகளை ஒரு பக்கம் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள். திருப்பணி என்ற பெயரில் மணலை வீசியடித்துச் சுவரைச் சுத்தம் செய்த கோயில்களில் எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. அங்கெல்லாம் அதற்கு முன் எடுத்த படியோ குறிப்போதான் மிச்சம். ஊர், கோயில், எந்தப் பக்கச் சுவர், எடுத்த நாள், இந்த நான்கும் அவர் எழுதியிருக்கிறாரா என்று பார்த்து, இல்லாததை உங்கள் நோட்டில் குறியுங்கள். உங்கள் ஊகத்தை அவர் நோட்டில் எழுதக் கூடாது, பென்சிலால்கூட.

8. "கண்டுபிடித்தார்" என்று எழுதும் முன்

இந்த ஒரு படியில் மட்டும் எங்களுக்கு இரண்டு மாதம் போனது. போனது நல்லதுதான்.

குடும்பத்திலும் ஊரிலும் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன விஷயம்: பக்கத்துக் கிராமத்துச் சிவன் கோயில் கல்வெட்டைக் கண்டுபிடித்தது சார்தான். பத்திரிகையில்கூட வந்ததாம். முகப்பிலேயே போடலாம் என்று முடிவாகியிருந்தது.

மத்தியத் தொல்லியல் துறை 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. அந்தந்த ஆண்டு படியெடுத்தவற்றை ஊர்வாரியாக, எந்தச் சுவர் என்பது வரை குறிப்பிட்டிருப்பார்கள். 1890 முதல் கல்வெட்டு வாசகங்களும் தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் அந்த ஊரைத் தேடினோம். இருந்தது. சார் பிறப்பதற்கு முன்பே படியெடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் கொஞ்சம் முகம் வாடிப் போனது. ஆனால் சாரின் நோட்டைத் திறந்து பார்த்தால் அவரே அந்த அறிக்கை எண்ணை மேலே எழுதிவைத்திருந்தார்! தான் கண்டுபிடித்ததாக அவர் எங்கேயும் சொல்லவில்லை. அவர் செய்தது வேறு. அந்தக் கல்வெட்டில் புதையல் இருக்கும் இடம் எழுதியிருக்கிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது, ராத்திரியில் யாரோ தோண்டவும் தோண்டினார்கள். சார் ஊர்க்காரர்களைச் சுவர் முன்னால் உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். அது நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிக்க ஆடு விட்ட கணக்கு. எத்தனை ஆடு, ஒரு நாளைக்கு எவ்வளவு நெய், அவ்வளவுதான். தோண்டுவது நின்றது.

"கண்டுபிடித்தார்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "படித்துக் காட்டினார்" என்று போட்டோம்.

உங்கள் மலரில் "முதன்முதலில்", "ஒரே", "கண்டுபிடித்த", "உலகப் புகழ்" இந்தச் சொற்கள் வருகிற இடத்தையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது, வேறு யாராவது சொல்கிறார்களா, தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் "என்று ஊரில் சொல்கிறார்கள்" என்று எழுதுங்கள். அது குறைவான வாக்கியம் இல்லை.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றை அடிக்காதீர்கள். சார் யாரையும் அடித்ததே இல்லை என்று பதினைந்து பேர் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "என்னை அடிச்சார். பிரம்பு உடைஞ்சுது. மறுநாள் வீட்டுக்கு வந்து எங்கப்பா கிட்ட மன்னிப்புக் கேட்டார்" என்றார். கடைசி வார்த்தை சொல்லும் மகளிடம் எடுத்துப் போனோம். போடுங்கள் என்றார். போட்டோம்.

9. கட்டுரை கேட்பது, எழுதுவது

இப்போதுதான் மாணவர்களிடம் கட்டுரை கேட்க வேண்டும். "சாரைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டால் ஏணி, மெழுகுவர்த்தி, கலங்கரை விளக்கம் மூன்றும் எல்லாக் கட்டுரையிலும் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கேள்வி அனுப்புங்கள்: "1986இல் தாராசுரத்துக்குக் கூட்டிப்போனபோது நடந்ததை மட்டும் 300 சொல்லில் எழுதுங்கள்." நாள்பட்டியல் கையில் இருப்பதால் யாரிடம் எதைக் கேட்பது என்று உங்களுக்குத் தெரியும். எழுத வராதவர்கள் பேசட்டும், நீங்கள் எழுதி, படித்துக் காட்டி, சம்மதம் வாங்குங்கள். திருத்திய கட்டுரையையும் எழுதியவருக்கு ஒருமுறை அனுப்பிவிட வேண்டும்.

முக்கியஸ்தர்களின் இரங்கல் செய்தி எத்தனை வந்தாலும் ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். இதில் நான் கொஞ்சம் கறார்.

வாழ்க்கைக் கட்டுரையைப் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். பிறப்பு, படிப்பு, வேலையெல்லாம் நாள்பட்டியலாக ஒரு பக்கத்தில் தனியாக வந்துவிடும். கட்டுரை ஒரு வகுப்பிலிருந்து தொடங்கட்டும். எங்களுடையது அந்தப் படுக்கைக் கோட்டிலிருந்து தொடங்கியது. அவர் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தையாவது அப்படியே அச்சிடுங்கள், அடித்தல் திருத்தலோடு.

10. அச்சகத்துக்குப் போகும்போது

பழைய கட்டுரைகள் சில பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வரும். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ காணாமல் போகும். மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும். நடுவில் பின்னடித்துத் தைக்கிற மலர் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும், அதை நிரப்ப ஒரு கவிதை வந்து சேரும். சில நூறு பிரதிகளுக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு போதும். ஆயிரம் வேண்டுமானால் ஆப்செட்டுக்கு விலை கேளுங்கள்.

மெய்ப்புத் திருத்தத்தைத் தாளில் செய்யுங்கள், திரையில் அல்ல. மூன்று சுற்று. முதல் சுற்றில் ஆண்டுகள் மட்டும், இரண்டாவதில் பெயர்களும் தலைப்பெழுத்துகளும், மூன்றாவதில் மொத்தமாக. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்தால் கண் கதையில் போய்விடும். நான் அப்படித்தான் கோட்டைவிட்டேன். சாரின் நெருங்கிய நண்பருடைய தலைப்பெழுத்து தப்பாக அச்சாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் பிரதியில் பேனாவால் திருத்திவைத்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அதிலிருந்து மலரில் பெயர் வருகிற ஒவ்வொருவருக்கும் போன் செய்து பெயரைப் படித்துக் காட்டிவிடுகிறேன்.

11. மலர் வந்தபின்

விழாவில் கொடுத்து முடித்துவிடாமல் பத்துப் பிரதிகளை எடுத்துவையுங்கள். அவர் வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளி நூலகத்துக்கும் ஒன்று, ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று. கல்வெட்டு நோட்டுகளின் ஸ்கேன் பிரதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொடுக்கலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, என்ன கொடுத்தோம் என்ற பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுகளையும் ஸ்கேன்களையும் மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். இரவல் வாங்கிய ஒவ்வொரு படத்தையும் திருப்பிக் கொடுத்து நோட்டில் அடித்துவிடுங்கள். புத்தகங்களுக்குள்ளிருந்து எடுத்த சீட்டுகளையும் அதே பக்கத்தில் திருப்பி வையுங்கள்.

மலரின் கடைசியில் "திருத்தங்கள்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருந்தோம். அன்று சாயங்காலமே முதல் போன் வந்தது, அலுவலக உதவியாளராக இருந்தவரிடமிருந்து. "எல்லாம் சரிதான் தம்பி. 1983ல நம்ம ஸ்கூல்ல வெங்கல மணின்னு போட்டிருக்கீங்க. மணி ஏது? தண்டவாளத் துண்டுதான் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். நான்தானே அடிச்சேன்."

நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டேன்: தண்டவாளத் துண்டு, சொன்னவர், தேதி.